மலைக் குடியிருப்புகளில் பாலர் பள்ளி நடத்துவது எப்படி? கூடலூர், பந்தலூர் பக்கம் வேலைக்கு வருபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

அங்கன்வாடிக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் டீச்சருக்கும், எஸ்டேட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்ட பெண்ணுக்கும், ஆதிவாசிக் குடியிருப்பில் மையம் திறக்கப் போகும் தொண்டு நிறுவன இளைஞருக்கும் இதை எழுதுகிறேன். சமவெளியில் பயிற்சி முடித்து மலையேறி வருபவர்களிடம் பாடத்திட்டம் இருக்கும், சுவரில் ஒட்டப் படங்கள் இருக்கும், பாட்டும் நிறையத் தெரிந்திருக்கும். பிள்ளைகள்தான் இருக்க மாட்டார்கள். முதல் நாள் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் மூன்றாம் நாள் பாதியாகும், மழை பிடித்துவிட்டால் அதுவும் போகும். அதனால் இங்கே எந்த வேலையையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் அளப்பேன்: இன்று வந்த பிள்ளைக்கு நாளையும் வர ஆசை இருக்குமா? எழுத்து, எண் எல்லாம் அதற்குப் பிறகு.

1. பலகை மாட்டுவதற்கு முன் வீடு வீடாகப் போங்கள்

நீலகிரியின் கூடலூர், பந்தலூர் வட்டங்களில் ஒரே சரிவில் நான்கு விதமான வாழ்க்கை நடக்கும். மேலே லைன் வீடுகளில் (தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகள்), 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து அரசின் தேயிலைக் கழகமான டேன்டீயின் தோட்டங்களில் குடியமர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள். ஆதிவாசிகளில், கீழே வயலோரத்தில் பணியர்; காட்டை ஒட்டிக் காட்டுநாயக்கர், குறும்பர். தனியார் எஸ்டேட்டுகளில் அண்மைக் காலத்தில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து கொழுந்து பறிப்பவர்கள். இவர்கள் எல்லோரையும் ‘ஏழைக் குடும்பங்கள்’ என்று ஒரே கட்டாகக் கட்டிவிட்டால் தொடக்கமே கோணலாகிவிடும். ஒவ்வொரு வீட்டுக்கும் விடியும் நேரம் வேறு, பயம் வேறு, பேச்சு வேறு.

வீட்டுக்குப் போகும்போது படிவத்தை நீட்டாதீர்கள். திண்ணையிலோ கல்லிலோ உட்கார்ந்து, கொடுக்கும் கட்டன் சாயாவை (பால் சேர்க்காத டீ) குடியுங்கள். தெரிந்துகொள்ள வேண்டியது நான்கைந்து விஷயம்தான். அம்மா எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறாள், எப்போது திரும்புகிறாள். அதுவரை பிள்ளை யாரிடம் இருக்கிறது. வீட்டில் என்ன மொழி. பிள்ளை காலையில் என்ன சாப்பிடுகிறது. குடும்பம் மிளகு, காப்பி அறுவடைக்கு வயநாடு பக்கம் போகுமா, போனால் எந்த மாதங்கள். கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. ஜனவரியில் பிள்ளை காணாமல் போனால், ‘இவர்களுக்கு அக்கறை இல்லை’ என்று பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு போட்டுவிடுகிறார்கள்.

‘பிள்ளை யாரிடம் இருக்கிறது’ என்ற கேள்விக்குப் பல வீடுகளில் பதில், எட்டு ஒன்பது வயது அக்கா. தம்பியைப் பார்த்துக்கொள்ளத்தான் அவள் பள்ளிக்கூடம் போவதில்லை. தம்பி உங்களிடம் வந்து சேர்ந்தால் அவள் மூன்றாம் வகுப்புக்குத் திரும்பலாம். முதல் சில நாட்கள் அவளும் கூடவே வந்து உட்காரட்டும், சாப்பிடட்டும். பிறகு பள்ளித் தலைமையாசிரியரிடம் நீங்களே அழைத்துக்கொண்டு போங்கள்.

பிறப்புச் சான்று, ஆதார் இல்லை என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பாதீர்கள். பிள்ளை உள்ளே வரட்டும், காகித வேலை ஒரு பக்கம் நடக்கட்டும். பிறந்து ஒரு வருடம் கடந்தும் பதிவாகாத பிறப்புக்குக் கோட்டாட்சியர் உத்தரவு வரை போக வேண்டியிருக்கும். அந்த அலைச்சலைக் கூலி வேலை செய்யும் தாய் தனியாகச் சுமக்க முடியாது. கிராம சுகாதாரச் செவிலியர், கிராம நிர்வாக அலுவலர் இருவரின் உதவியையும் கேட்டுப் பெறுங்கள்.

2. வழியை நடந்து பாருங்கள்

பிள்ளை நடக்கும் பாதையில், பிள்ளை நடக்கும் நேரத்தில், நீங்கள் ஒரு முறை நடந்து பார்க்காமல் மையத்தின் நேரத்தை முடிவு செய்யாதீர்கள். 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே ஒரு எஸ்டேட்டில், அங்கன்வாடியிலிருந்து தாயோடு வீடு திரும்பிக்கொண்டிருந்த மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை தாக்கிக் கொன்றது. பெரியவர் கூட இருப்பது மட்டும் போதாது என்பதை இந்த வட்டாரமே அன்றைக்குத் தெரிந்துகொண்டது.

செய்யக்கூடியவை: தனித்தனியாக வராமல் ஒரு லைனிலிருந்தோ ஒரு குடியிருப்பிலிருந்தோ பிள்ளைகள் கூட்டமாக, முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர் என்று வரட்டும். குட்டிகள் நடுவில். பனிமூட்டம் கலைந்து வழி தெளிந்த பிறகே கிளம்பட்டும். பிற்பகலிலும் வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே வீடு சேரட்டும். தேயிலைப் புதர் பாதையின் மேலேயே கவிந்திருக்கும் இடங்களைக் கவாத்து வெட்டித் தரச் சொல்லி எஸ்டேட் நிர்வாகத்துக்கும், லாண்டானா (உண்ணிச்செடி) மண்டிய ஓரங்களைச் சுத்தம் செய்யச் சொல்லி ஊராட்சிக்கும் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். யானை நிற்பதாக வனத்துறை தகவல் வந்தால் அன்று மையத்துக்கு விடுமுறைதான். உணவை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்று பாருங்கள்.

ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை தேவாலா பக்கம் வெளுத்து வாங்கும். ஓடை ஒன்று குறுக்கே ஓடினால், அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த மாதங்களில் ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் சின்ன மையம் நடத்துவது நல்லது. அட்டைக் கடிக்கு உப்பும் ஒரு துண்டுத் துணியும் வாசலில் எப்போதும் இருக்கட்டும்.

3. அறை

படம் ஒட்டுவதற்கு முன் தரையைத் தொட்டுப் பாருங்கள். மலையில் சிமென்ட் தரை பிற்பகல் வரை ஜில்லென்று இருக்கும். கீழே தார்ப்பாய், அதன் மேல் சாக்கு, அதன் மேல் பாய் அல்லது பழைய கம்பளி என்று மூன்று அடுக்காக விரித்தால் பிள்ளைகள் உட்காருவார்கள். இல்லாவிட்டால் ஓடிக்கொண்டே இருப்பார்கள், நீங்கள் ‘அடக்கமில்லாத பிள்ளைகள்’ என்பீர்கள். நனைந்து வருகிறவர்களுக்கு மாற்று உடை நாலைந்து அளவில் ஒரு பெட்டியில் வேண்டும்.

குளிருக்குக் கரி அடுப்பை மூட்டி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தும் பழக்கம் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் உண்டு. அந்தப் புகைநஞ்சுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. தூங்கியவர்கள் தூக்கத்திலேயே இறந்துபோகிறார்கள். மையத்துக்குள் ஒருபோதும் கூடாது. இதைப் பெற்றோரிடமும் சொல்லுங்கள்.

அரிசி, எண்ணெய், வெல்லம், சத்துமாவு வாசனைக்குக் கூடலூர் பக்கம் யானையும், கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடியும் சத்துணவுக் கூடங்களின் கதவை உடைத்த கதைகள் எல்லோருக்கும் தெரியும். இரவில் பொருள் தங்காத ஏற்பாடே நல்லது. முடியாவிட்டால் சில நாளுக்கு வேண்டியதை மட்டும் மூடி இறுகிய டின்னில் வையுங்கள். எச்சில் இலை, காய்கறித் தோலை வாசலில் கொட்டக் கூடாது.

முற்றத்தைச் சுற்றி என்ன செடி இருக்கிறது என்றும் பாருங்கள். வெள்ளையாக மணி போலத் தொங்கும் பூக்களோடு மலைப் பாதையெங்கும் நிற்கும் மர ஊமத்தை அழகாக இருக்கும். இலை, பூ, விதை எல்லாமே விஷம். வேரோடு எடுத்துவிடுங்கள்.

4. ஆயாவை அந்த ஊரிலிருந்தே எடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு ஆலோசனையைத்தான் ஏற்க முடியும் என்றால் இதை ஏற்றுக்கொள்ளுங்கள். பணியர் பிள்ளைகள் அதிகம் இருக்கும் மையத்தில் ஆயா பணியப் பெண்ணாக இருக்க வேண்டும். பணியர் பேச்சு மலையாளத்துக்கு நெருக்கமானது, காட்டுநாயக்கர் பேச்சு கன்னடத்துக்கு நெருக்கமானது. ஜார்க்கண்டுப் பிள்ளைக்குத் தமிழ் முழுக்கப் புதிது. மூன்று வயதுப் பிள்ளை ‘ஒண்ணுக்கு வருது’ என்று சொல்லத் தெரியாமல் நனைத்துக்கொண்டு, மற்றவர்கள் சிரித்துவிட்டால், அதோடு அந்தப் பிள்ளையை மறந்துவிட வேண்டியதுதான்.

நீங்களும் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு மொழியிலும் ஒரு கைப்பிடிச் சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள்: தண்ணீர், பசி, வலி, ஒண்ணுக்கு, அம்மா எப்போது வருவாள், பயப்படாதே. தப்பாக உச்சரித்தால் பிள்ளைகள் திருத்துவார்கள், விழுந்து விழுந்து சிரிப்பார்கள். டீச்சருக்குச் சொல்லிக்கொடுத்த பிள்ளை டீச்சரிடம் பேசத் தொடங்கிவிடும். தமிழை விளையாட்டிலும் கதையிலும் கூடவே பேசிக்கொண்டு போங்கள். கதையை ஆயா அவர்கள் பேச்சில் முதலில் சொல்லட்டும், மறுநாள் அதே கதையை நீங்கள் தமிழில் சொல்லுங்கள். கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் சொற்கள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். ‘இங்கே தமிழில்தான் பேசணும்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

5. முதல் வாரங்கள்

பணியர் தலைமுறை தலைமுறையாகப் பிறர் வயலில் அடிமைப்பட்டு உழைத்தவர்கள். செருப்புப் போட்டு, குரல் உயர்த்திப் பேசும் வெளியாளைக் கண்டால் ஒதுங்கி நிற்பது பெரியவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது. அதைக் கூச்சம் என்றோ மந்தம் என்றோ எழுதிவைக்காதீர்கள்.

எங்கள் பக்கத்து மையத்துக்கு ஒரு பையன் பாட்டியோடு வருவான். கையில் கம்பி ஒடிந்த குடை. வாசற்படிக்கு உள்ளே கால் வைக்க மாட்டான். புதிதாக வந்த டீச்சர் கையைப் பிடித்து இழுக்கப் போனபோது ஆயா தடுத்தார்: “விடுங்க டீச்சர், அவன் அங்கேயே இருக்கட்டும்.” தட்டு வாசற்படிக்கே போனது. மற்றவர்கள் மூங்கில் துண்டுகளை அடுக்கும்போது நாலு துண்டு அவன் பக்கமும் உருண்டு போனது, உருட்டிவிட்டது ஆயாதான். நாலைந்து நாளில் குடையைக் கதவோரம் சாய்த்து வைத்துவிட்டு, அதன் மேல் ஒரு கண்ணாகவே, பாயின் விளிம்புக்கு வந்தான். பாட்டி அப்போதும் வெளியே கல்லில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஆகவே: அம்மாவோ பாட்டியோ கூட இருக்க எத்தனை நாள் ஆனாலும் அனுமதியுங்கள். வேலைக்குப் போகும் அம்மா சொல்லாமல் நழுவிப் போக வேண்டாம், ‘போயிட்டு வரேன்’ என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டே போகட்டும். பிள்ளை அழும், ஆனால் அடுத்த நாள் அம்மாவின் காலைப் பிடித்துத் தொங்காது. வீட்டுத் துணி, பழைய புடவைத் துண்டு, எதுவானாலும் கூட எடுத்து வரட்டும். அடிப்பது, பயமுறுத்துவது, இருட்டறையில் உட்காரவைப்பது எதற்கும் இடமில்லை.

6. சாப்பாடும் உடம்பும்

பெரும்பாலான லைன் வீட்டுப் பிள்ளைகள் காலையில் வருக்கியும் (மொறுமொறுப்பான பேக்கரிப் பண்டம்) டீயும் மட்டும் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அம்மா எட்டு மணிக்குள் தேயிலைக் காட்டில் நிற்க வேண்டும், வேறு வழியில்லை. அதனால் வந்ததும் பாட்டு, வணக்கம் எல்லாம் வேண்டாம். முதலில் சூடான சத்துமாவுக் கஞ்சி. பசி ஆறின பிறகு அறையில் சத்தம் மாறுவதை நீங்களே கேட்பீர்கள். கை கழுவ வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள். குளிர்ந்த நீரில் எந்தப் பிள்ளையும் கை நீட்டாது. குடிக்கும் நீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள்.

மதியச் சோற்றில் அவர்களுக்குத் தெரிந்த ருசி இருக்கட்டும். ராகி, சாமை, அவரை, பக்கத்தில் கிடைக்கும் கீரைகள். பணியர் வீடுகளில் வயல் நண்டும் ஓடை மீனும் காட்டுக் கீரையும் அருமையான சத்துணவு. ‘இதையெல்லாம் தின்பார்களா’ என்று ஒரு முகச்சுளிப்பு போதும், அந்த அம்மா இனி உங்களிடம் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசவே மாட்டாள். முட்டை கொடுக்கும் நாளில், வராதவர் பங்கை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு. அதில் கை வைப்பவர்கள் உண்டு, மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

மாதம் தவறாமல் எடை, உயரம், மேல் கைச் சுற்றளவு. ஐந்து வயதுக்குள்ளான பிள்ளையின் மேல் கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கடுமையான ஊட்டக்குறைவு. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. 11.5-லிருந்து 12.5 வரை என்றால் நடுத்தரக் குறைவு, கூடுதல் உணவும் தொடர் கவனிப்பும் வேண்டும். கால் பாதம் இரண்டும் வீங்கியிருந்தால் அளவு நாடா என்ன சொன்னாலும் மருத்துவமனை. ஊட்டக்குறைவான குழந்தைகளுக்கான ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தைத் தமிழக அரசு 2022-இல் தொடங்கியதே நீலகிரியில்தான். அதில் உங்கள் பிள்ளை சேர்ந்திருக்கிறதா என்று மேற்பார்வையாளரைக் கேளுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சமவெளிப் பயிற்சிகளில் விட்டுவிடுகிறார்கள்: சிக்கிள் செல் ரத்தசோகை. இந்தியாவில் இந்நோய் 1952-இல் முதன்முதலாகப் பதிவானதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் நோய் இது; பரம்பரையாக வருவது, தொற்றாது. சின்னப் பிள்ளையின் கைகளும் பாதங்களும் வீங்கி வலிப்பது, அடிக்கடி காய்ச்சல், கண் மஞ்சளாவது, காரணமில்லாத கை கால் வலி என்றால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். நோய் உறுதியான பிள்ளை குளிரில் நனையக் கூடாது, தண்ணீர் அடிக்கடி குடிக்க வேண்டும், ஓடிக் களைத்தால் உட்கார விட வேண்டும். காய்ச்சல் வந்தால் ‘நாளை பார்க்கலாம்’ என்று தள்ளக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். இரும்புச்சத்து மருந்தை இந்தப் பிள்ளைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். சோம்பேறி என்று பெயர் வாங்கிய பிள்ளைகளில் சிலருக்கு இதுதான் காரணம்.

சிரங்கு வந்தால் மருந்து ஒரு பிள்ளைக்கு மட்டும் போட்டுப் பயனில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் போட்டு, கம்பளிகளை வெயிலில் காயவைக்க வேண்டும். பேன் பார்ப்பதை மற்ற பிள்ளைகள் எதிரில் செய்யாதீர்கள்.

7. ஒரு நாளை எப்படி நகர்த்துவது

கஞ்சி, பிறகு இஷ்டம் போல் விளையாட்டு, வட்டமாக உட்கார்ந்து பாட்டும் கதையும், வெளி விளையாட்டு, கைவேலை, சோறு, தூக்கம். இந்த வரிசை நாள்தோறும் மாறாமல் இருக்கட்டும். வீட்டில் அடுத்த வேளை என்ன நடக்கும் என்று தெரியாத பிள்ளைகளுக்கு, ‘கதைக்கப்புறம் சோறு’ என்பது பெரிய ஆறுதல்.

விளையாட்டுப் பொருளை ஊட்டியில் போய் வாங்க வேண்டாம். யூகலிப்டஸ் காய், பைன் கூம்பு, மூங்கில் துண்டு, சில்வர் ஓக் இலை, ஓடைக் கல் எல்லாம் காலடியில் கிடக்கின்றன. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கையில் மட்டும் சின்னக் காய்களும் விதைகளும் போகக் கூடாது, தொண்டையில் அடைக்கும்.

கணக்குக்கு நான் விரும்பும் ஒரு விளையாட்டைச் சொல்கிறேன். அம்மாமார் பறிக்கும் கொழுந்து இரண்டு இலை, ஒரு மொட்டு. அதைப் பிள்ளைகள் நடக்கத் தொடங்கும்போதே பார்த்திருக்கிறார்கள். மருந்து அடிக்காத செடியிலிருந்து ஒரு கூடை கொழுந்தும் முற்றிய இலையும் கலந்து நடுவில் கொட்டுங்கள். ஒருவர் கங்காணி, மற்றவர்கள் பறிப்பவர்கள். முதல் நாள் கொழுந்து தனி, முற்றிய இலை தனி என்று பிரிக்க மட்டும். இன்னொரு நாள், ஒரு கொழுந்துக்கு இரண்டு இலை, இரண்டு கொழுந்துக்கு எத்தனை? விரலை வைத்து எண்ணுவார்கள். பிறகு கொட்டாங்கச்சித் தராசில் இரண்டு கூடையை நிறுத்து எது கனம் என்று பார்ப்பார்கள். கங்காணியாக நிற்கும் பிள்ளை, “ஏய், கரட்டு இலை போடாதே!” என்று பெரியவர் குரலில் அதட்டும்போது, அதுவரை வாயே திறக்காத பிள்ளை ஒன்று எதிர்த்துப் பேசும். முடிந்ததும் எல்லோரும் கை கழுவட்டும்.

காட்டுநாயக்கப் பிள்ளைகள் சிலருக்கு நான்கு வயதில் பறவையின் குரலை வைத்துப் பெயர் சொல்லத் தெரியும். அதைக் கேட்டு வாங்குங்கள். பென்சிலுக்கு அவசரப்படாதீர்கள். களிமண் பிசைதல், நூலில் காய் கோத்தல், தரையில் கரித்துண்டால் கோடு இழுத்தல் ஆகியவை விரலுக்குப் பலம் தரும். மூன்று வயதில் ‘அ’ எழுதவைத்துப் பெற்றோரிடம் காட்டிப் பெருமைப்படுவது பிள்ளைக்காகச் செய்வதல்ல.

8. தட்டு, பாய், பெயர்

சாதியைப் பற்றிப் பேசாமல் இந்த வேலையைப் பற்றி எழுத முடியாது. பட்டியலினப் பிள்ளைகளும் ஆதிவாசிப் பிள்ளைகளும் மற்றவர்களும் ஒரே பாயில், ஒரே மாதிரித் தட்டில், கலந்து உட்கார வேண்டும். வரிசையைத் தினமும் மாற்றுங்கள். ஆதிவாசி ஆயா சமைத்த சோற்றை வேண்டாம் என்று யாராவது பெற்றோர் சொன்னால், அவர் முன்னால் அதே சோற்றை நீங்கள் உட்கார்ந்து சாப்பிடுங்கள். விவாதத்தைவிட அது வேகமாக வேலை செய்யும். பிள்ளையைச் சமூகப் பெயரால் கூப்பிடும் வழக்கம் பெரியவர்களிடம் இருக்கும், உங்கள் வாயில் வரக் கூடாது. வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அந்தப் பெயரைக் கற்றுக்கொள்ளுங்கள், நாமாக ‘நல்ல பெயர்’ சூட்ட வேண்டாம்.

கொடைக்கானல் கீழ்மலையில் பளியர் குடியிருப்புகளில் வேலை செய்பவர்களுக்கும் இந்தப் பகுதி அப்படியே பொருந்தும்.

9. பெற்றோர்

கூட்டத்தை வேலை நாளில் பதினோரு மணிக்கு வைத்துவிட்டு யாரும் வரவில்லை என்று வருந்தாதீர்கள். ஞாயிறு காலையோ, மாலை வேலை விட்டு வந்த பிறகோ, அவர்கள் லைனிலேயே வையுங்கள். நோட்டீஸ் எழுதி அனுப்ப வேண்டாம். படிக்கத் தெரியாதவர் அதை மடித்து வைத்துவிட்டு வெட்கப்படுவார். வாட்ஸாப்பில் குரல் செய்தி போதும், அதையும் ஆயாவே பேசி அனுப்பட்டும். குறை சொல்வதற்கு மட்டும் வீட்டுக்குப் போகாதீர்கள்.

பிள்ளையை யார் வந்து அழைத்துப் போவார்கள் என்று ஒரு பட்டியல் வேண்டும். குடித்துவிட்டு வந்தால் அப்பாவானாலும் பிள்ளையை ஒப்படைக்காமல், தன்மையாகப் பேசி உட்காரவைத்து, பாட்டியையோ பக்கத்து வீட்டு அக்காவையோ கூப்பிடுங்கள். உடம்பில் காயம், திடீர் மௌனம், தொட்டால் நடுங்குவது என்று எது கண்ணில் பட்டாலும் தேதியோடு குறித்துக்கொண்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லுங்கள். ஊருக்குள் பஞ்சாயத்துப் பேசி முடித்துவிடலாம் என்பார்கள், அதற்கு இணங்க வேண்டாம்.

10. ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பும்போது

பாலர் பள்ளியில் துள்ளிய பிள்ளை ஒன்றாம் வகுப்பில் ஊமையாகிவிடுவது இங்கே சாதாரணம். பெஞ்சு புதிது, மொழி முழுக்கத் தமிழ், ஆயா இல்லை. மார்ச் மாதமே ஐந்து வயதுக்காரர்களை அந்தப் பள்ளிக்கு அழைத்துக்கொண்டு போய், கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே, சத்துணவு எங்கே என்று காட்டுங்கள். ஒன்றாம் வகுப்பு ஆசிரியரை ஒரு நாள் உங்கள் மையத்துக்கு அழைத்து, பிள்ளைகளோடு தரையில் உட்காரச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: வீட்டு மொழி, எதில் கெட்டி, எதற்கு அழும், சிக்கிள் செல் இருந்தால் என்ன செய்ய வேண்டும்.

பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஐந்து வயதிலேயே விடுதியில் சேர்க்கலாமா என்று பெற்றோர் கேட்பார்கள். பக்கத்தில் நடந்து போகும் தூரத்தில் தொடக்கப் பள்ளி இருந்தால், முதல் சில வருடம் வீட்டிலிருந்தே போகட்டும் என்பது என் கருத்து. வழி ஆபத்தாகவோ, வீட்டில் சோறில்லாமலோ இருந்தால் விடுதிதான் நல்லது. அப்போதும் அண்ணனோ அக்காவோ அங்கே படிக்கிறார்களா என்று பார்த்துச் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஜூனில் பள்ளி திறந்த முதல் இரண்டு வாரம் ஆயாவும் நீங்களும் மாறி மாறி மதிய மணி அடிக்கும் நேரத்தில் அங்கே தலைகாட்டுங்கள். உங்கள் பிள்ளைகளில் யார் வரவில்லை என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கேளுங்கள். வராத பிள்ளையின் வீட்டுக்கு, வார முடிவு வரை காத்திராமல், அன்று மாலையே போங்கள்.